வெட்பாலைத் தைலமும் வீட்டுப் பொறுப்பும்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் இல்லந்தோறும் எழும் முறையீடு ஒன்றுண்டு. குழந்தைகளின் கன்னம் சொரசொரக்கிறது. முதியோரின் கால்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறுகின்றன. ஓயாது நீரில் நிற்கும் தாயின் குதிகால் வெடிக்கிறது. கடையில் விற்கும் பூச்சுகளின் விலையை எண்ணி, "வீட்டிலேயே செய்துகொள்ள வழியில்லையா?" என்று தாய்மார்கள் கேட்பது இயல்பே. வழி உண்டு; அதற்கோர் எல்லையும் உண்டு. இரண்டையும் இம்மாதம் கூற விரும்புகிறோம்.

லோஷன் என்பது எண்ணெயும் நீரும் சேர்ந்த கலவை. நீர் உள்ள இடத்தில் கிருமிகள் பெருகும். கடைப் பொருளில் அதனைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்திருப்பர்; நம் அடுக்களையில் அது இல்லை. கற்றாழைச் சோற்றையும் பன்னீரையும் எண்ணெயோடு அடித்து வைத்தால், சில நாட்களிலேயே அது கெடத் தொடங்கும். ஆகவே, நீர் சேராத தைலமே இல்லத்திற்கு ஏற்றது. அவற்றுள் எளியது வெட்பாலைத் தைலம்.

வெட்பாலை நம் வறண்ட காடுகளில் தானே வளரும் சிறு மரம். கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் மரப்பொம்மைகள் கடைவது இம்மரத்தில்தான். சித்த மருத்துவர்கள் இதன் தைலத்தைக் காளாஞ்சகப்படைக்கும் செதில் உதிரும் தோலுக்கும் வழங்குவர். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், பூக்கள் வெண்மை, இரட்டையாய்த் தொங்கும் நீண்ட காய்கள் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஆனால், நஞ்சுடைய அரளியும் இதே குடும்பத்தது. அதிலும் பால் வடியும். எனவே, மரத்தை நன்கறிந்த ஒருவர் காட்டிய பின்னரே இலை பறியுங்கள்.

100 கிராம் இலையைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்திக் கையால் சிறிதாகக் கிள்ளுங்கள். ஈரமற்ற கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, இலை மூழ்குமாறு 200 மில்லி தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் வெயிலில் வையுங்கள். அடுப்பு வேண்டாம்; கதிரவனே போதும். சில நாட்களில் எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். இந்த இலையில் சாயம் உண்டு. அதன் அடையாளமே இந்நிறம். நிறம் மாறாவிடில் இலையில் ஏதோ தவறு நேர்ந்திருக்கலாம், அதனைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு வாரம் சென்றபின் வடிகட்டி, ஓர் இரவு அசையாது வைத்து, அடியில் தங்கும் நீரையும் கசடையும் விட்டு, தெளிந்த தைலத்தை மட்டும் புட்டியில் சேமியுங்கள்.

குதிகால் வெடிப்புக்குச் சற்றுக் கெட்டியாக வேண்டுமெனில், 100 மில்லி தைலத்துக்கு 20 கிராம் தேன்மெழுகைச் சேருங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்கி ஆறவிட்டால் களிம்பாகிவிடும். குளித்தபின் உடலை ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் மறையுமுன் பூசினால் பயன் மிகுதி. முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் விட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்கும், திறந்த புண்ணுக்கும் பூசவேண்டாம். ஆடையில் கறைபடும் என்பதையும் நினைவிற்கொள்க.

இனி எல்லையைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் இல்லத்துச் சிறுவன் ஒருவனின் முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்றைக் கண்டோம். தேமல் என்றே எண்ணி, நம் கையாலேயே இத்தைலத்தைக் கொடுத்தோம். எட்டு மாதங்கள் தடவினர். அரிப்பில்லை, வலியில்லை என்று அனைவரும் நிம்மதியாக இருந்தனர். ஒருநாள் சூடான பாத்திரத்தைப் பற்றிய அவன் சுண்டுவிரல் கொப்புளித்தது. அவனோ அதனை உணரவேயில்லை. அப்போதுதான் மருத்துவரிடம் விரைந்தனர். அது தொழுநோய். ஆறு மாதக் கூட்டு மருந்தில் நோய் முற்றும் நீங்கியது. ஆயினும், அச்சுண்டுவிரலுக்கு உணர்வு முழுமையாகத் திரும்பவில்லை. அந்த எட்டு மாதங்களை நாம் மறப்பதற்கில்லை. கெடுதல் செய்தது தைலமன்று. தைலம் இருக்கிறதே என்ற நம் மெத்தனமே.

தொழுநோய் பழங்கதை அன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் அது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆனால், அஞ்சுவதற்கும் ஒளிப்பதற்கும் இன்று காரணமில்லை. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே, பிறருக்குத் தொற்றும் தன்மையும் நீங்கிவிடுகிறது.

ஆகவே தாய்மார்களே, எண்ணெய் பூசுமுன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பிள்ளையைக் கண்மூடச் சொல்லி, வெளிறிய அல்லது சிவந்த படையின்மீது பஞ்சு நுனியால் மெல்லத் தொட்டு, "எங்கே தொட்டேன்?" என்று கேளுங்கள். சரியாகக் காட்டாவிடில் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சரியாகக் காட்டினாலும், இரண்டு வாரத்தில் மாறாத எந்தப் படையையும் அவரிடம் காட்டிவிடுங்கள்.

வறண்ட தோலுக்குத் தைலம் போதும். உணர்விழந்த தோலுக்கு மருத்துவரே வேண்டும். புட்டியைத் திறக்குமுன் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பதே நம் பொறுப்பு.