குழியில் தள்ளிய பழி

‘47 ரோனின்’ (2013) படத்துக்கு வக்காலத்து வாங்கும் நண்பரின் வாதம் இது: ஜப்பானின் கபுகி மேடை முந்நூறு ஆண்டுகளாக, எஜமானரை இழந்த 47 சாமுராய்கள் பழிவாங்கும் இந்தக் கதையை இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டுதானே இருக்கிறது, கியானு ரீவ்ஸை வைத்து ஹாலிவுட் மாற்றினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

கபுகியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர், அது சொல்வதையும் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். 1748இல் பொம்மலாட்டமாக அரங்கேறி, கபுகிக்கும் போன ‘கனதெஹோன் சூஷிங்குரா’ பெயர்களை மாற்றியது. கதையையே 14ஆம் நூற்றாண்டுக்கு நகர்த்தியது. சமகாலச் சம்பவங்களை மேடையேற்ற ஷோகுன் ஆட்சி விடாது என்பதால் வந்த மாற்றம் அது. ஆனால் பழிவாங்கலுக்கு முந்தைய காத்திருப்பின் மீது அது கை வைக்கவில்லை. ஏழாம் அங்கத்தைப் பாருங்கள். செத்துப்போன எஜமானரின் நினைவு நாளுக்கு முந்தைய இரவு, புலால் தொடக்கூடாத நேரம். உளவு பார்க்க வந்தவன் ஆக்டோபஸ் துண்டை நீட்டுகிறான். பழிவாங்கப்போகும் தலைவன் சிரித்தபடி வாங்கித் தின்கிறான். ஒரு வாள் சண்டையும் இல்லாமல் வயிற்றைப் பிசையும் காட்சி.

நிஜத்திலும் அதுதான் நடந்தது. 1701இல் எஜமானர் அசானோ மாண்டதிலிருந்து எதிரி கிராவின் மாளிகை தாக்கப்படும்வரை ஏறத்தாழ 21 மாதங்கள். அவ்வளவு காலமும் பழிவாங்கியவர்களின் தலைவர் ஓய்ஷி தன் பெயரைத் தானே நாறடித்துக்கொண்டார் என்றுதான் ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். படம் என்ன செய்கிறது? ஓய்ஷியைக் குழியில் தள்ளி, ஓராண்டு கழித்து வெளியே தூக்கிப் போடுகிறது. வேலை முடிந்தது! ஓய்ஷி வேடத்துக்கு ஹிரோயுகி சனடாவைப் போன்ற நடிகரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் நடிக்க வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எறிய ஒரு தனித் திறமை வேண்டும்.

‘மாயாஜாலத்தில் தர்க்கம் தேடாதீர்கள்’ என்கிறார் நண்பர். தேடவில்லை. டிராகன் வரட்டும், சூனியக்காரி சிலந்தியாக ஊரட்டும்; சூனியக்காரியாக வரும் ரிங்கோ கிகுச்சி ஒருவர்தான் இந்தப் படத்தில் ரசித்து நடித்திருக்கிறார். அந்தச் சூனியம் கதையை என்ன பாடுபடுத்துகிறது என்பதே என் கேள்வி. எடோ கோட்டைக்குள் அசானோ ஏன் கிராவின் மீது வாளை உருவினார் என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. அவர் முன்கோபியா, அவமானப்பட்டவரா? அவருக்காக இத்தனை பேர் சாவது நியாயமா? படத்தில் அவர் மாயத்தோற்றம் கண்டு பாய்கிறார். எஜமானர் நிரபராதி, எதிரி அரக்கன், கணக்கு நேர். யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

ரசிகர்களுக்கு ரசனை போதவில்லை என்பது நண்பரின் கடைசி அஸ்திரம். சுவரொட்டியில் உடலெங்கும் எலும்புக்கூட்டைப் பச்சை குத்திய மனிதரைப் பெரிதாகக் காட்டி, படத்தில் சில நொடிகளில் மறையவைத்தவர்கள் யாருடைய ரசனையை எடைபோட்டார்கள் என்று அவரே சொல்லட்டும்.

முடிவிலாவது துணிந்தார்களா? ஓய்ஷியின் மகன் சிகாராவுக்கு நிஜத்தில் வயது பதினைந்து, பதினாறுதான் இருக்கும். 1703இல் தந்தையைப் போலவே அவனும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியிருந்தது. படத்தில் ஷோகுன் கடைசி நிமிடத்தில் மனமிரங்கி அவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்.