ரத்தம் நின்றால் நோய் நின்றதா?

“ரத்தம் நின்னுபோச்சு, வயிறும் வலிக்கல. இனி எதுக்கு மாத்திரை?” அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய் உள்ள வீடுகளில் ஒருநாள் இந்தக் கேள்வி எழும். மறுநாளே மாத்திரை நின்றுவிடும். உடம்பு லேசானால் நோய் போய்விட்டது என்ற இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட.

1987இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. வழக்கத்தைவிட எத்தனை முறை கூடுதலாக மலம் போகிறது, ரத்தம் எவ்வளவு, உள்நோக்குக் கருவியில் குடல்சுவர் எப்படித் தெரிகிறது, மருத்துவரின் மொத்தக் கணிப்பு என்ன: இந்த நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 2க்குள் அடங்கி, எதுவும் 1ஐத் தாண்டாமல் இருந்தால்தான் நோய் தணிந்தது என்பார்கள். நோயாளி தானாக அறியக்கூடியவை முதல் இரண்டு மட்டுமே. மலம் சீராகி ரத்தம் நின்ற பிறகும் குடல்சுவர் சிவந்து புண்ணாகவே இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஆறாத அழற்சி புற்றுநோய்க்கும் வழிவிடும்.

நோய் அடங்கியிருந்த 64 பேரை வைத்து ஆக்ஸ்போர்டில் நடந்த ஆய்வு 1973இல் வெளியானது. ஒரு பகுதியினர் சல்ஃபாசலசின் என்ற மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஆறே மாதத்தில், வெற்று மாத்திரை உண்டவர்களிடம் நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகத் திரும்பியது. நலமாக இருந்தவர்களை நலமாக வைத்திருந்ததே சல்ஃபாசலசின்தான்.

ஆனால் மாத்திரையைத் தொடர்வது எல்லோருக்கும் எளிதல்ல. கேரளத்தின் போனக்காட்டை நினைத்துப் பார்க்கிறேன். விதுராவைத் தாண்டி மலையேறினால், ஆலை ஓய்ந்துபோன தேயிலைத் தோட்டம். லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கி, கொழுந்து பறித்தே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போகும். அப்படிப்பட்டவர் மாத்திரையை நிறுத்தினால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மருந்துச் சீட்டை நீட்டும்போதே “நலமானாலும் நிறுத்தாதீர்கள்” என்று அவர் மொழியில் சொல்லாதவர்கள்மேல்தான் என் கோபம்.

குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தை மலத்திலேயே அளக்கலாம். நோயாளி வர முடியாத நாளில் மாதிரி மட்டும் பஸ்ஸில் இறங்கி வரலாம். மலையடிவார அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனையை இலவசமாக்க வேண்டும். அதுவரை நோயாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை முறை, ரத்தம் உண்டா என்று தினமும் ஒரு நோட்டில் குறியுங்கள். மாத்திரையை நிறுத்தத் தோன்றும் நாளில் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போய், “என் குடல்சுவர் ஆறிவிட்டதா?” என்று கேளுங்கள்.