பாசிக்கு மருந்து ஊற்றாதீர்கள், ப்ளீஸ்!

உங்கள் வீட்டு ஹாலில் மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியானால் ஒரு நிமிஷம் அதை எட்டிப் பாருங்கள். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள், செடியின் இலைகளில் முடி முடியாக ஏதோ ஒன்று, தண்ணீர் வேறு கீரை வேகவைத்த மாதிரி... இப்படித்தானே இருக்கிறது? உடனே என்ன செய்வீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் இரண்டே வழிதான். ஒன்று, மீன் கடைக்குப் போய், “பாசி பிடிச்சுப் போச்சுங்க, ஏதாவது மருந்து கொடுங்க” என்று ஒரு பாட்டில் வாங்கி வந்து ஊற்றுவது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை தொட்டியையே கவிழ்த்து, கல், மணல், ஃபில்டர் பஞ்சு என்று எல்லாவற்றையும் குழாயடியில் பளபளவென்று தேய்த்துக் கழுவுவது.

இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

அடிக்கடி காய்ச்சல் வருகிறது. காரணத்தைத் தேடாமல் மாத்திரையைப் போட்டுப் போட்டு இறக்கிக்கொண்டே இருந்தால் உங்கள் டாக்டர் சும்மா விடுவாரா? தொட்டிப் பாசியும் அந்தக் காய்ச்சல் மாதிரிதான். உள்ளே ஏதோ அளவு மீறிப் போயிருக்கிறது என்று சொல்ல வருகிறது. அதன் வாயை அடைத்துவிட்டால் போதுமா?

பாசி வளர இரண்டே விஷயம் வேண்டும். வெளிச்சம், சாப்பாடு. இரண்டையும் வாரி வாரிக் கொடுப்பவர்கள் யார்? நாம்தான்!

காலையில் வாசல் தெளிக்கும்போது போட்ட தொட்டி விளக்கு, ராத்திரி கடைசி சீரியல் முடிகிற வரை எரிகிறது. பதினாறு மணி நேரம்! போதாததற்குத் தொட்டி ஜன்னல் ஓரம். மத்தியான வெயில் நேராக உள்ளே இறங்குகிறது. பாசிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்தது சாப்பாடு. தாத்தா காலையில் ஒரு சிட்டிகை போடுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன், “பாவம், பசிக்கும்” என்று ஒரு பிடி. ஆபீஸிலிருந்து வரும் அப்பாவுக்கு இரண்டும் தெரியாது. அவர் பங்குக்கு அவரும்! மீன் எப்போது பார்த்தாலும் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறக்கும். அதை நம்பினால் போச்சு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது மீனுக்கும் பொருந்தும்.

மீன் தின்னாத தீனி அடியில் அழுகுகிறது. அதிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. மீனுக்கு அது விஷம். நல்லவேளையாக, மணலிலும் ஃபில்டரிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. தொட்டியில் செழிப்பான செடிகள் இருந்தால் அவை இந்த உரத்தை உறிஞ்சிக்கொள்ளும். செடி இல்லை, அல்லது நோஞ்சானாக இருக்கிறது என்றால் விருந்து முழுக்கப் பாசிக்குத்தான்.

இப்போது அந்த மருந்து பாட்டிலுக்கு வருவோம். பாசி மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். இறாலுக்கும் நத்தைக்கும் அது எமன். செடிகளையும் அது விட்டுவைப்பதில்லை. சரி, பாசி செத்தது என்றே வைத்துக்கொள்வோம். செத்த பாசி எங்கே போகும்? உள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மறுநாள் விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவிப்பது அதனால்தான். விளக்கும் தீனியும் பழையபடியே இருப்பதால் கொஞ்ச நாளில் பாசி திரும்பவும் வரும். மறுபடி ஒரு பாட்டில்!

மொத்தமாகக் கழுவுவது இன்னும் மோசம். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடுகிறது. அவை பழையபடி பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். “நேத்துதானே சுத்தமா கழுவி வெச்சேன், இன்னிக்கு மீன் மிதக்குதே!” என்று குழந்தையோடு சேர்ந்து கண் கலங்குபவர்களே, விஷயம் இதுதான்.

“அப்ப டேங்க் க்ளீனர் மீன் வாங்கி விடலாமே?” என்பீர்கள். அந்த சக்கர் மீன் தென் அமெரிக்காக்காரர். கடையில் விரல் நீளம் இருப்பவர் ஒரு அடிக்கு மேல் வளர்வார். செடிகளைப் பிடுங்கிப் போடுவார், தன் பங்குக்குக் கழிவும் சேர்ப்பார். தொட்டி கொள்ளாமல் போனதும் என்ன செய்கிறார்கள்? ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திராவின் நீர்நிலைகளில் அந்த மீன் பரவிக் கிடக்கிறது. மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. நம் வீட்டு ஹால் சமாச்சாரம் இன்னொருவர் பிழைப்பில் கை வைக்கலாமா? எந்தத் தொட்டி மீனையும் செடியையும் ஏரியில், வாய்க்காலில் விடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? தொட்டிக்கும் நமக்குச் சொல்கிற அதே பத்தியம்தான். அளவான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம்.

விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். மறந்துபோகும் என்றால் ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். தீனி போடும் பொறுப்பு வீட்டில் ஒரே ஒருவருக்கு. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு வேளை போதும். வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தப்பில்லை.

இரண்டடித் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் ஒருமுறை அதில் கால் பங்கு, அதாவது ஒரு பக்கெட், எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்த தண்ணீராகவோ, குளோரின் நீக்கும் சொட்டு விட்டதாகவோ இருக்கட்டும். எடுத்த பழைய தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை லேசாக அலசிக்கொள்ளலாம். மீதியைத் துளசிக்கு ஊற்றுங்கள், நல்ல உரம்!

அடுத்து செடி. நிறைய வையுங்கள். நம் ஊர்க் குளங்களில் தானாக வளரும் ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் மளமளவென்று வளர்ந்து பாசியின் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும். செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும் என்பதை அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் விரிவாகவே விளக்கியிருக்கிறார். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் வாங்கினால் அவற்றின் தடித்த தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி வையுங்கள். புது இலை வெளிறினால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பழைய இலையில் ஓட்டை விழுந்தால் பொட்டாசியத்தைக் கவனியுங்கள். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் காற்று பம்ப்பை நிறுத்த வேண்டாம்.

தண்ணீரே பச்சையாகிவிட்டதா? விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி மூன்று நாலு நாள் இருட்டில் வையுங்கள். பம்ப் மட்டும் ஓடட்டும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தொட்டியில் படியும் பழுப்புப் பாசி பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும், பயப்படாதீர்கள்.

முக்கியமாக, உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி காயம் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்குவதும் வேண்டாம். கை விடுமுன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

“இதுக்கெல்லாம் நேரம் ஏது சார்?” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான் சொன்னதெல்லாம் வாரத்துக்கு அரை மணி நேர வேலை. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினால் ஞாயிற்றுக்கிழமை முழுசும் போகும். மீனும் போகும்!

கொஞ்சம் பாசி இருந்துவிட்டுப் போகட்டும். குளத்தில் இல்லாத பாசியா? கண்ணாடியில் படிந்ததை மட்டும் ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மீனுக்கு இன்னிக்கு யார் யார் தீனி போட்டீங்க?”

எத்தனை கை தூக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.