ஆறடி மனிதன் ஐந்தடியான கதை

பழைய கணினி விளையாட்டுகளை இன்றைய திரைகளில் காட்டுவோர் பலர், அவற்றின் உருவத்தைச் சிதைத்தே காட்டுகின்றார்கள். இது அற்ப விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். பல்லாண்டு காலம் பத்திரிகைப் பக்கங்களோடு மாரடித்தவன் என்ற வகையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று கொலம் இடத்தை நிரப்புவதற்காக ஒருவரின் புகைப்படத்தை அகலவாக்கில் இழுத்துவிடுவது எங்கள் தொழிலில் மன்னிக்கப்படாத குற்றம்.

1990களின் முற்பகுதியில் வந்த டொஸ் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகள் கொண்டவை. 1987 இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விஜிஏ முறையில், 256 வர்ணங்கள் வேண்டுமாயின் புள்ளிக்கு ஒரு பைட் தேவை. ஆக மொத்தம் 64,000 பைட். அக்கால நினைவகத்தின் 64 கிலோபைட் பகுதி ஒன்றுக்குள் இது கச்சிதமாக அடங்கிவிடும். 240 வரிகள் என்றால் 76,800, அடங்காது. பழைய முறைகளிலிருந்து வந்த 200 வரிக் கணக்கு இதற்கு வசதியாகவும் அமைந்தது.

ஆனால் அன்றைய கண்ணாடிக் குழாய்த் திரை 4:3 விகிதமுடையது. 200 வரிகளும் அதன் முழு உயரத்துக்கும் பரப்பப்பட்டன. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. இன்றைய தட்டைத் திரைகளின் புள்ளிகளோ சதுரம். படத்தை அப்படியே தூக்கி வைத்தால் உயரம் ஆறில் ஒரு பங்கு குன்றும். ஆறடி மனிதன் ஐந்தடி ஆகிவிடுவான். 16:9 திரை முழுவதும் நிரம்ப இழுத்தால் இன்னும் மோசம்.

'பிறின்ஸ் ஒவ் பேர்சியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 இல் முதலில் அப்பிள் II கணினிக்காக அதனை ஆக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோவிற் பிடித்து, அவ்வசைவுகளை ஒவ்வொன்றாகப் பிரதி செய்தார். அந்த மெலிந்த இளைஞன், பின்னர் வந்த டொஸ் பதிப்பைத் திருத்தமின்றிக் காட்டும்போது குள்ளனாகிவிடுகிறான்.

கோப்பில் இருப்பது 320க்கு 200தானே, அதுவே மூலம் என வாதிடுவோர் உளர். சினிமாஸ்கோப் படச்சுருளைக் கையிலெடுத்துப் பார்த்தால் மனிதர்கள் ஒடுங்கி நெடிதாய்த் தெரிவர். அதுவே இயக்குநர் காட்ட விரும்பிய காட்சி என்று எவரும் சொல்வதில்லை. சில ஓவியர்கள் இந்த நீட்சியைக் கணக்கிலெடுக்காது வரைந்தனர் என்பதும், அதனால் சில விளையாட்டுகளில் வட்டம் முட்டையாகத் தெரியும் என்பதும் உண்மையே. அன்றும் அது முட்டையாகத்தான் தெரிந்தது!

மற்றத் தரப்பாரின் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. 200 வரிகளை 240 ஆக்க, ஐந்து வரிகள் ஆறாக வேண்டும். ஐந்தில் ஒன்றை மட்டும் இரட்டித்தால், படம் நகரும்போது கோடுகள் நெளியும். அகலத்தை ஐந்து மடங்காகவும் உயரத்தை ஆறு மடங்காகவும் பெருக்கினால் 1600க்கு 1200 என்று பிசிறின்றி வரும். 1080 வரித் திரையிலோ அது கொள்ளாது. அங்கே விளிம்புகளைச் சற்று மென்மையாக்கத்தான் வேண்டும். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. பழைய கண்ணாடித் திரையும் கத்தி முனைபோற் கூர்மையாக இருந்ததில்லை. வடிவம் முதலில், கூர்மை பிறகு.

டொஸ்பொக்ஸ், ஸ்கம்விஎம் ஆகிய இரண்டிலும் இத்திருத்த வசதி நெடுங்காலமாக உண்டு. டொஸ்பொக்ஸின் மூலப் பதிப்பில் மட்டும் அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது; அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினாற் போதும். பழைய விளையாட்டுகளைப் பொதிசெய்து காசுக்கு விற்பவர்கள் அந்த ஒரு வரியைத் தாமே சரிபார்த்துத் தந்தால் என்ன?