வாசல் கொடியில் காயட்டும்

மரக்காணம் பக்கத்து எங்கள் ஊர் அத்தைகளுக்கும் அக்காக்களுக்கும் தங்கச்சிகளுக்கும், கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது ஏரிக்கரைப் பக்கம் போனேன். வேலிக்காத்தான் புதருக்கு அடியில் பயன்படுத்திய பேடைச் சுற்றிய கறுப்புக் கவர்ப் பொட்டலங்கள். நாய் பிய்த்து இழுத்துப் போட்டிருந்தது. அத்தனையும் நம் வீடுகளிலிருந்து போனவை. நான் வயதுக்கு வந்த காலத்தில் அங்கே இவை கிடையாது. அன்று எல்லோருக்கும் துணிதான்.

அம்மாவின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்து வைப்போம். துவைத்ததை எங்கே காயப்போட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். மாட்டுக் கொட்டகை மூலையில், ஈரப் பாவாடைக்கு அடியில், அண்ணன் தம்பி கண்ணில் படாத இடத்தில். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது. அதையே எடுத்து மறுபடி வைத்தோம். தொடை இடுக்கு புண்ணானது, அரிப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் பழியெல்லாம் துணிமேல் விழுந்தது. துணிமேல் என்ன தப்பு? வெயில் காட்டாமல் ஒளித்து வைத்ததுதான் தப்பு.

பேடைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கோவை முருகானந்தம் குறைந்த விலையில் பேட் செய்ய இயந்திரம் கண்டுபிடித்தார். புதுயுகம் திட்டத்தில் தமிழக அரசே வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அதனால் பள்ளிக்கு மட்டம் போடாமல் போன பிள்ளைகள் உண்டு. ஆனால் கடையில் வாங்கும் பேடில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இருக்கிறது, மட்காது. மாதம் பதினைந்து என்று வைத்தால் வருடத்துக்கு 180. நம் தெருவில் நூறு பெண்கள் இருந்தால் 18,000. எரித்தால் நச்சுப் புகை, கக்கூஸில் போட்டால் அடைப்பு. அந்த அடைப்பை எடுக்கிறவர், குப்பையில் கைவிட்டுப் பிரிக்கிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் இருக்கும் ஸ்காட்லாந்தில், தேவைப்படும் எல்லோருக்கும் மாதவிடாய்ப் பொருள்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் நிறைவேறியது. 2022 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேடும், உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய்க் கப்பும் அதில் உண்டு. அப்படித்தான் நான் மறுபடி துணிக்கு வந்தேன். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசினால் கறை போய்விடுகிறது. இங்கே வெயிலுக்குத்தான் பஞ்சம். ஹீட்டர் பக்கத்தில் தொங்கவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நம் வாசல் வெயில் ஞாபகத்துக்கு வருகிறது.

இதற்கு வெளிநாடு வரவேண்டியதே இல்லை. நமக்குப் பக்கத்தில் ஆரோவிலில் ஈக்கோஃபெம் என்ற அமைப்பு பல வருடங்களாகத் துணிப் பேட் செய்கிறது. தைப்பவர்களில் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் உண்டு. உள்ளே பஞ்சுத்துணி அடுக்கு, நகராமல் இருக்கப் பொத்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சில வருடம் உழைக்கும்.

உப்பளத்துக்குப் போகும் அக்காக்களுக்குக் கப்பைச் சொல்வேன். மறைவிடம் இல்லாமல் பகல் முழுக்க நிற்கிறீர்கள். காலையில் வீட்டில் கை கழுவி வைத்துக்கொண்டால் 12 மணி நேரம் வரை தாங்கும். ஒவ்வொரு மாதமும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும், எனக்கும் ஆனது. கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருப்பவர்கள் நர்ஸம்மாவைக் கேட்காமல் வைக்காதீர்கள். கப்பை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வரக்கூடும். கேரளத்தின் கும்பளங்கியில் பெண்களுக்குக் கப் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சி என்றே அறிவித்தார்கள். அதுவும் நம்முடையதைப் போன்ற ஒரு கிராமம்தான்.

தண்ணீர் வராத கோடையில் பேட் வைத்தால் யாரும் குற்றம் சொல்லக் கூடாது. துவைக்கத் தண்ணீர் கொடுக்காமல் துணிக்கு மாறச் சொல்வது நியாயமில்லை. கிராம சபையில் தண்ணீர் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் மகளிர் குழுவாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

அண்ணன்மார்களே, மாமாக்களே, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கொடியில் அந்தத் துணி தொங்கினால் துண்டு, வேட்டி போல அதுவும் ஒரு துணி என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வரும் தை மாதம் ஊருக்கு வருகிறேன். என்னுடையதை எங்கள் வாசல் கொடியில், நல்ல வெயிலில்தான் போடப்போகிறேன். நீங்களும் உங்களுடையதை வெளியே கொண்டுவந்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருவில் வளர்ந்த பெண்