சேவற்கட்டும் போக்கிமானும்

பெற்றோர் சிலர் எங்கள் ஆசிரியைகளிடம் ஒரு குறை சொல்லி வருகின்றனர். கைப்பேசி கைக்கு வந்தால் போதும், பிள்ளைகள் போக்கிமான் விளையாட்டில் மூழ்கிவிடுகிறார்கள். கீழ் வகுப்புகளில் அதன் படச் சீட்டுகள்கூடக் கைமாறுகின்றன. பிராணிகளைப் பிடிப்பதும் அடைப்பதும் ஒன்றோடொன்று மோதவிடுவதுமான விளையாட்டு பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் முதுகுளத்தூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள், தங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு காலில் கயிற்றோடு நிற்கும் சேவலைப் பார்க்கவில்லையோ என்று எங்களுக்கு ஓர் ஐயம். திரையில் இருக்கும் பிராணிக்காகப் பதறுகிறோம். திண்ணையில் இருக்கும் பிராணிக்குக் கம்பு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறோம்.

முதலில், அந்த விளையாட்டை அறியாத அன்னையருக்கும் அருட்சகோதரியருக்கும் அதைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஜப்பானைச் சேர்ந்த சதோஷி தஜிரி என்பவர் உருவாக்கியது அது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் கேம்பாய் என்னும் கைக்கருவிக்காக அந்நாட்டில் வெளிவந்தது. தஜிரி சிறுவனாக இருந்தபோது வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். அவர் வாழ்ந்த புறநகரில் வயல்கள் மறைந்து கட்டடங்கள் எழும்பின. பூச்சி பிடிக்க இடமில்லாத பிள்ளைகளுக்குத் தாம் அடைந்த மகிழ்ச்சியைத் தர எண்ணி இந்த விளையாட்டை அமைத்தார். முதல் விளையாட்டில் 151 பிராணிகள். இன்று அவை ஆயிரத்தைக் கடந்துவிட்டன.

பூச்சி பிடிக்கும் இந்த ஆசை நமக்கு அந்நியமானதா? பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து, வேல மரத்து இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை இடுமா என்று மணிக்கொரு முறை திறந்து பார்த்த தாய்மார்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் எத்தனை பேர்! தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட அண்ணன்மார்கள் எத்தனை பேர்! தஜிரியின் விளையாட்டு அந்தத் தீப்பெட்டியிலிருந்து பிறந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

சண்டையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் தோற்ற பிராணி சாவதில்லை. மயங்கி விழும். அதை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள மருத்துவ நிலையத்துக்குப் போனால் காசு வாங்காமல் குணப்படுத்தித் தருவார்கள். பிள்ளைகள் தோல்வியையும் சாவையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்ததாகத் தஜிரி பேட்டி ஒன்றில் கூறியிருக்கிறார். தொலைக்காட்சித் தொடரில் வரும் ஆஷ் என்னும் சிறுவனின் பிகாச்சு, மற்றப் பிராணிகளைப் போலப் பந்துக்குள் அடைபட மறுக்கிறது. அவனும் வற்புறுத்தாமல் தோளில் ஏற்றிக்கொள்கிறான். ஒரு கட்டத்தில், ஒரு கல்லைக் கொண்டு அதை உருமாற்றினால் வலிமை கூடும் என்று தெரிகிறது. அப்போதும் அதன் விருப்பத்தையே கேட்கிறான். அது மறுக்க, விட்டுவிடுகிறான். பிராணிகளைத் திருடிப் பணம் பண்ணப் பார்க்கும் ராக்கெட் குழுவினர்தாம் அக்கதையில் தீயவர்கள். 2010-இல் வந்த கறுப்பு, வெள்ளை என்ற இரு விளையாட்டுகளிலோ ‘என்’ என்னும் பெயருடைய இளைஞன் ஒருவன், இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மனிதனுக்கு என்ன உரிமை என்றே கேட்டுவிடுகிறான். விளையாட்டைச் செய்தவர்களே அந்த விளையாட்டை நோக்கி இக்கேள்வியைக் கேட்கத் துணிந்தார்கள். நம் ஊர்க் களத்தில் அப்படிக் கேட்டவர் யார்?

2000-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆயர்களின் தொலைக்காட்சி நிலையமே இதில் கற்பனை வளம் உண்டு, தீங்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. சீட்டுகளைப் பறிமுதல் செய்துள்ள சகோதரியரின் கவனத்துக்கு இதனைப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

இனித் திண்ணைக்கு வருவோம்.

சேவல் வளர்ப்பவர்களை மூடர் என்றோ கொடியவர் என்றோ எழுதிவிட்டுப் போவது எளிது. எங்களால் அது முடியவில்லை; அவர்கள் எங்கள் தந்தையர், சிற்றப்பன்மார், தாய்மாமன்மார். அவர்கள் அறிந்த அளவு பறவையை எங்கள் விலங்கியல் பாடநூல் அறியாது. இறகின் நிறம் பார்த்துக் காகம், கீரி, மயில், ஆந்தை, வல்லூறு என்று பெயர் சொல்வார்கள். எந்தப் பொழுதில் எந்தப் பறவை ஓங்கும், எது ஒடுங்கும் என்று பஞ்சபட்சி சாத்திரம் கொண்டு கணிப்பார்கள். கண்மாய்த் தண்ணீரில் நீந்தவிட்டு மூச்சுப் பழக்குவார்கள். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பார்கள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் பார்க்கலாம் என்பவர், சேவல் ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் உறங்க மாட்டார். (இதை எங்கள் தாய்மார்கள் நாங்கள் சொல்வதைவிடக் காரமாகச் சொல்வார்கள்.)

இந்த ஈடுபாட்டைக் கதையாக்கியவரும் நம் பக்கத்தவரே. முதுகுளத்தூரை அடுத்த இளஞ்செம்பூரைச் சேர்ந்த ம. தவசி எழுதிய ‘சேவல்கட்டு’ என்னும் நாவலுக்கு, சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளருக்கான யுவ புரஸ்கார் விருதை முதன்முதலாக வழங்கிய 2011-ஆம் ஆண்டிலேயே தமிழுக்குரிய விருது கிடைத்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை. அதே ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த ‘ஆடுகளம்’ திரைப்படம் மதுரைச் சேவற்கட்டைக் காட்டித் தேசிய விருதுகள் பல பெற்றது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே சேவல்களைவிட அதிகமாகக் கொத்திக்கொள்பவர்கள் மனிதர்கள். வளர்த்த பேட்டைக்காரருக்கே வளர்ந்த பிள்ளையின் மேல் பொறாமை வந்துவிடுகிறது.

பழைமையும் இதற்குண்டு. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், இந்தளூர் என்னும் ஊரிலும் போரிட்டு மடிந்த சேவல்களுக்கு நட்ட கற்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சேவலின் உருவமும் வட்டெழுத்தும் அவற்றில் உண்டு. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி என்று கல்லே சொல்கிறது. போரில் வீழ்ந்த வீரனுக்குச் செய்த மரியாதையைச் சேவலுக்கும் செய்தார்கள். இன்று அந்த மரியாதையும் இல்லை. தோற்றுச் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர். வென்றவன் வீட்டுக் குழம்புக்குப் போகும் பொருள் அது.

சேவல் சண்டையிடுவது இயற்கைதானே, நாமா கற்றுக் கொடுத்தோம் என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. குறுந்தொகையில் குப்பைக் கோழியார் என்று ஒரு புலவர். குப்பை மேட்டுச் சேவல்கள், மூட்டிவிடுவாரும் இல்லாமல் விலக்கிவிடுவாரும் இல்லாமல் தாமே போரிட்டுத் தாமே ஓயும் காட்சியைப் பாடியதால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் தமிழாசிரியை அந்தப் பாட்டை நடத்தியபோது நாங்கள் கவனித்தது அந்த ‘ஓய்தலை’த்தான். குப்பை மேட்டில் மெலிந்த சேவல் ஓடிவிடலாம். ஓடினால் சண்டை முடிந்தது. மறுநாள் இரண்டும் ஒரே வேலியடியில் கிளறிக்கொண்டிருக்கும். களத்திலோ ஓட முடியாது. சுற்றிலும் ஆட்கள். களைத்து விழுந்தால் தூக்கி, முகத்தில் நீர் தெளித்து, வாயைத் திறந்து தண்ணீர் புகட்டி, மீண்டும் இறக்குகிறார்கள். இயற்கை கொடுத்தது கோபத்தை; கூடவே ஓடுவதற்குக் காலையும் கொடுத்தது. நாம் கோபத்தை வைத்துக்கொண்டு காலைப் பிடுங்கிவிட்டோம். போதாதென்று அந்தக் காலில் கத்தியையும் கட்டுகிறோம்.

அந்தக் கத்தி ஆள் பார்த்து வெட்டுவதில்லை. 2021 பிப்ரவரியில் தெலங்கானாவில் ஜக்தியால் மாவட்டம் லோத்துனூர் என்ற சிற்றூரில், காலில் கட்டிய கத்தியோடு திமிறிய சேவல் தன் உரிமையாளரையே வெட்ட, அவர் குருதி வடிந்து இறந்துபோனார். சேவலைக் காவல் நிலையத்தில் கட்டி வைத்துத் தீனி போட்டார்கள். செய்தித்தாள்கள் அதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. எங்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அன்றிரவு என்ன செய்திருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், வேடிக்கைக்காக ஒரு பிராணியைச் சண்டைக்குத் தூண்டுவதையும் அதற்கென இடம் நடத்துவதையும் குற்றம் என்கிறது. அச்சட்டம் முதல் குற்றத்துக்கு எழுதிய அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை! கட்டுச் சேவலுக்கு ஒரு நாள் வைக்கும் பாதாம் பருப்புக்குக் காணாது. நீதிமன்றங்கள், கத்தி கூடாது, பந்தயம் கூடாது என்ற நிபந்தனையோடு சில இடங்களில் அனுமதி அளித்ததும் உண்டு, மறுத்ததும் உண்டு. ஜல்லிக்கட்டுக்காக 2017-இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே 18-இல் ஏற்றுக்கொண்டது. அதனைக் காட்டிச் சேவற்கட்டுக்கும் உரிமை வந்துவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். அத்திருத்தம் காளைகளைப் பற்றியது. சேவலைப் பற்றியது அன்று. ஜல்லிக்கட்டின் நன்மை தீமை வேறொரு கட்டுரைக்கு உரியது.

எங்கள் உள்ளத்தை உறுத்துவது இவை எல்லாவற்றையும் விட வீட்டுக்குள் நடப்பது. சேவலை வளர்ப்பது யார்? அடை வைப்பவள் அம்மா. குஞ்சு பொரித்ததும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பருந்து வராமல் வெயிலில் காவல் இருப்பவள் பாட்டி. தண்ணீர் மாற்றி வைப்பவள் பள்ளியிலிருந்து திரும்பிய தங்கை. அது வளர்ந்து கொண்டை சிவந்து கூவத் தொடங்கிய நாளில் அது ஆண்களின் சேவல் ஆகிவிடுகிறது. விலை பேசுவதும், களம் குறிப்பதும், சீமைக் கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோவதும், பந்தயம் கட்டுவதும் அவளைக் கேட்டு நடப்பதில்லை. பந்தயத்தில் போகும் பணம் மட்டும் அவளுடையது. மிளகாய்ப் பழம் எடுத்த கூலி, கரிமூட்டத்தில் நின்ற கூலி, மகளிர் குழுவில் வாங்கிய கடன். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தை மாதம் கட்ட வேண்டிய கட்டணம் பங்குனி வரை கட்டப்படவில்லை. காரணம் கேட்ட ஆசிரியையிடம் விளைச்சல் இல்லை என்றாள். விளைச்சல் இருந்தது. எங்களுக்குத் தெரியும், நாங்கள் சொல்லவில்லை.

போக்கிமானில் ஒரு விதி உண்டு. காட்டுப் பிராணியோடு மோதும்போது வேண்டாம் என்றால் ஓடிவிடலாம். எதிரே நிற்பவன் ஒரு பயிற்சியாளன் என்றால் ஓட முடியாது. முடியும்வரை நின்றே ஆக வேண்டும். இதைப் படித்த ஒருத்தி, இது நம் அம்மாக்களின் விதி போல இருக்கிறதே என்றாள். நாங்கள் சிரித்தோம், பிறகு சிரிக்கவில்லை.

1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் தெளிவாகவே பேசுகிறது. தேவையின்றிப் பிராணிகளைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கு எதிரானது என்பது அதன் போதனை. பிராணியின் மாண்பு என்று சொல்லாமல் மனித மாண்பு என்று சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் நிற்கும் தந்தையரும் அன்று மாலையே காட்டுக்குள் போகிறார்கள் என்பதால் இதை எழுத வேண்டியதாயிற்று. இராயப்பரை அழ வைத்த சேவலின் காலில் கத்தி எதுவும் இல்லை, கூவியது, அவ்வளவுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். படச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வகுப்பு நேரத்தில் எடுத்தால் தண்டியுங்கள், அது வேறு. கைப்பேசியைக் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் தராதீர்கள், அதுவும் சரி. ஆனால் மகளுடைய விளையாட்டுக்குச் செய்யும் விசாரணையில் பாதியையாவது மகனுடைய கட்டுச் சேவலுக்குச் செய்யுங்கள். அடுத்த முறை வீட்டில் களம் பேசும்போது, பஞ்சாரம் கவிழ்த்தவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பறவையை அறிய வேண்டும் என்ற ஆசை நிறைவேற நம் வட்டாரத்தில் வேறு இடமா இல்லை? காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் 1989-இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை. 2022-இல் இரண்டுமே உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டுகளில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. ஆயிரம் போக்கிமானின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஆறாம் வகுப்புத் தங்கைக்கு அவற்றில் பத்தின் பெயர்கூடத் தெரியாது, எங்களுக்கும் அப்படித்தான். சேவலின் இறகைப் பார்த்தே நிறமும் குணமும் சொல்லிவிடும் எங்கள் மாமன்மாரில் ஓரிருவர் உடன் வந்தால், நாரைகளைப் பற்றியும் நிறையச் சொல்லக்கூடும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு நாள் காலை எங்களை அங்கே அழைத்துச் செல்லத் தலைமைச் சகோதரி அவர்கள் அனுமதி தர வேண்டும். குறிப்பேடுகளுக்கு அட்டை போட்டு வைத்துவிட்டோம்.