வள்ளுவருக்கு ஞானஸ்நானம் தருவோருக்கு

திருக்குறளின் முதல் மூன்று அதிகாரங்களும் தந்தை, தூய ஆவி, மகன் என்ற மூவொரு கடவுளையே பாடுகின்றனவாம்; மயிலாப்பூரில் இயேசுவின் சீடர் தோமாவிடம் பாடம் கேட்டுத்தான் வள்ளுவர் எழுதினாராம். தருமபுரி மேடையொன்றில் நண்பர் ஒருவர் இதைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பைப் போல முழங்கியிருக்கிறார். சரக்கு பழையது. 1969இல் மு. தெய்வநாயகம் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்ற நூலில் கடைவிரித்ததுதான். அதற்கு மறுப்புகளும் வந்துவிட்டன. நண்பர் கடையைப் பார்த்திருக்கிறார், மறுப்பைப் படிக்கவில்லை.

முதலில் காலக்கணக்கு. மரபுப்படி தோமா கி.பி. 52இல் இந்தியா வந்தார், 72இல் இறந்தார். தமிழக அரசின் திருவள்ளுவர் ஆண்டோ கி.மு. 31இல் தொடங்குகிறது. அதை அவர் பிறந்த ஆண்டாகக் கொண்டால் வள்ளுவர் எண்பது கடந்த பிறகுதான் பாடம் கேட்கப் போயிருக்க வேண்டும். ஆய்வாளர் பலர் சொல்வதுபோல் குறள் 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றால், ஆசிரியர் இறந்து நானூறு ஆண்டு கழித்து மாணவர் பிறக்கிறார். நண்பர் எதை எடுத்துக்கொள்வார்?

அடுத்து, மூவொரு கடவுள் கோட்பாடு. மகன் தந்தையோடு ஒரே இயல்பினர் என்று, அதை மறுத்த அரியுஸுக்கு எதிராக முடிவானது 325இல், நிசேயாவில் கூடிய ஆயர் சங்கத்தில். அதன்பின்னும் சண்டை ஓயவில்லை; அந்த முடிவுக்காக நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஆவியைப் பற்றிய அறிக்கை விரிவானது 381இல், கான்ஸ்டாண்டிநோபிளில். மத்தேயு 28:19இல் மூன்று பெயரும் உள்ளனவே என்பார் நண்பர். உள்ளன. மூன்று பெயரைச் சேர்த்துச் சொல்வதற்கும், மூவரின் உறவை வரையறுப்பதற்கும் இடையே கிடந்தது மூன்று நூற்றாண்டு வாதம். அதையெல்லாம் வள்ளுவர் அதிகார வரிசையிலேயே முடித்துவிட்டார் என்றால், ஆயர்கள் வீணாகத்தான் நிசேயாவுக்குப் பயணம் போயிருக்கிறார்கள்!

இனி, குறளையே திறப்போம். வானம் பார்த்து விதைக்கும் மாவட்டத்துக்காரர், ‘வான்சிறப்பு’ அதிகாரத்தில் மழையைக் காணாமல் தூய ஆவியைக் கண்டிருக்கிறார். பசியையும், உழவு நிற்பதையும், கடல் வற்றுவதையும் பேசும் பாக்களில் ஆவி எங்கே இறங்குகிறது? ‘நீத்தார் பெருமை’ மகனைப் பற்றியதாம். அந்த அதிகாரம் ஐம்புலன் அடக்கியவரின் வலிமைக்குச் சாட்சியாக அழைப்பது இந்திரனை. இயேசுவுக்கு இந்திரன் சாட்சியா? எழுபிறப்பு பேசும் நூலுக்கும், மனிதன் ஒருமுறையே சாகிறான் என்னும் எபிரேயர் 9:27க்கும் எப்படி ஒத்துப்போகும்? குறள் புலால் மறுக்கிறது. திருத்தூதர் பணிகள் 10இல் பேதுருவுக்கு வந்த கட்டளையோ கொன்று உண் என்பது. ஒவ்வாததை மறைத்து, ஒத்ததை மட்டும் பொறுக்குவதற்கு ஒப்பாய்வு என்று பெயர் வைக்கக் கூடாது.

தோமா மரபை நான் கேலி செய்யவில்லை. ஆனால் 3ஆம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது குந்தபோருஸ் அரசவையில். அந்தப் பெயருள்ள அரசனின் நாணயங்கள் கிடைத்திருப்பது துணைக்கண்டத்தின் வடமேற்கில். அந்த நூலில் ஒரு தமிழ்ப் புலவர்கூட இல்லை.

தருமபுரியில் கிறித்தவத்துக்கு இரவல் தாத்தா தேவையில்லை. 17ஆம் நூற்றாண்டு மைசூர் மிஷன் முதல் 1997இல் அமைந்த மறைமாவட்டம் வரை அதற்குச் சொந்த வரலாறு உண்டு. அதை எழுதக் கல்லறைகளையும் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும். அந்த உழைப்புக்குச் சோம்பல்பட்டவர்தான் வள்ளுவரின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்.